இன்ஜின் ஏன் இப்போ வந்துச்சு? ஹைப்ரிட் கார் கோளாறுகள், அறிகுறி வாரியாக

"அண்ணா, சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிறேன். கால் பிரேக்லதான் இருக்கு. வண்டி தானா உறுமுது."

பெங்களூரு அல்சூரில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு அடிக்கடி வரும் போன் இது. நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: வாங்கின நாள்லேருந்து இப்படியா, இல்ல இப்பத்தான் இப்படியா? பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரில் இன்ஜின் நினைத்த நேரத்தில் வரும், நினைத்த நேரத்தில் போகும். அதன் பிறவிக்குணம் அது. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பழக்கம் இருக்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு அந்தப் பழக்கம் தெரியும். அது மாறினால்தான் நான் ஸ்கேனரை எடுப்பேன்.

வண்டி பேட்டரியில் ஓடவே மாட்டேன் என்கிறது

முதலில் உங்கள் வண்டி எந்த வகை ஹைப்ரிட் என்று பாருங்கள். மாருதியின் கிராண்ட் விட்டாரா, டொயோட்டாவின் ஹைரைடர் இரண்டுமே மைல்டு, ஸ்ட்ராங் என்று இரு வகையாக விற்கப்படுகின்றன. மைல்டு ஹைப்ரிட்டில் இருக்கும் சின்ன மோட்டார் இன்ஜினுக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை நகர்த்த அதற்குத் தெம்பு கிடையாது. இந்த இரண்டு மாடல்களில் கிளட்ச் மிதித்து கியர் போடும் வண்டி என்றால் அது நிச்சயம் ஸ்ட்ராங் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டு, "பேட்டரி செத்துப்போச்சு" என்று பதறி வந்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டாம்.

இனி எழுதுவதெல்லாம் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு. அதற்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம்.

ஹைரைடரின் பெரிய பேட்டரி 0.76 கிலோவாட் மணி. கரண்ட் பில் கணக்கில் ஒரு யூனிட்கூட இல்லை. 1500 வாட் இண்டக்ஷன் அடுப்பை அரைமணி நேரம் வைத்தால் தீர்ந்துபோகும். அதையும் முழுக்கக் காலி செய்யவோ முழுக்க நிரப்பவோ வண்டியின் கம்ப்யூட்டர் விடாது. பேட்டரி நாள்பட உழைக்க வேண்டும் என்று நடுப்பகுதியிலேயே வைத்துப் புழங்கும். ஆக இது சேமிப்புக் கணக்கு இல்லை, சட்டைப்பைச் சில்லறை. செலவாகும், பிரேக் பிடித்தால் கொஞ்சம் திரும்ப வரும், தீர்ந்தால் இன்ஜின் வந்து போடும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இன்ஜின் வருகிறதே என்று குறைப்படுபவர்கள் இந்த அளவை மனதில் வையுங்கள்.

இன்ஜின், பேட்டரி மோட்டார் இரண்டையும் மாற்றி மாற்றி இயக்குவது யார்? 1997-ல் ஜப்பானில் முதல் பிரியஸ் வந்ததிலிருந்து டொயோட்டாவின் அடிப்படை மாறவில்லை. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி உருளும் சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். நடுச்சக்கரத்தில் சின்ன மோட்டார், சுற்றும் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் இன்ஜின், வளையத்தின் பக்கம் பெரிய மோட்டாரும் ரோட்டில் ஓடும் சக்கரங்களும். மூன்றும் எப்போதும் பல்லோடு பல் கோத்தே இருக்கும். இதில் கிளட்ச் மிதிப்பதோ கியர் மாறுவதோ கிடையாது. யார் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, அவ்வளவுதான். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதும் அந்தச் சின்ன மோட்டார்தான். தனி செல்ஃப் மோட்டார் இல்லாததால் "கிர்ர்ர்" என்ற சத்தமும் இருக்காது. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டில் ஏற்பாடு வேறு. டவுனுக்குள் இன்ஜின் பெரும்பாலும் கரண்ட் தயாரிக்க மட்டுமே ஓடும், சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். ஹைவேயில் ஒரே சீராகப் போகும்போது ஒரு கிளட்ச் இன்ஜினைச் சக்கரத்தோடு நேராக இணைக்கும்.

காலையில் கிளப்பினதும் இன்ஜின் வந்து, நிற்கவே மாட்டேன் என்கிறது

புகை வெளியேறும் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யும். அதனால் பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் காலையில் இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடித்தான் தீரும். பெங்களூரு மார்கழிக் குளிரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓடும். வாசலில் நிறுத்திச் சூடேற்ற வேண்டாம். மெதுவாகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருங்கள்.

குளிருக்கு ஹீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஏசி கரண்டில் ஓடும், ஹீட்டருக்குச் சூடு இன்ஜினிலிருந்துதான் வர வேண்டும். ஹீட்டரைக் கூட்டி வைத்தால் இன்ஜின் நிற்காது.

ஹீட்டர் போடவில்லை, இருபது நிமிடம் ஓட்டியாயிற்று, சிக்னலில் நின்றும் இன்ஜின் அணையவில்லை, போன மாதம் இப்படி இல்லை என்றால், இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியே போய் ஆறிக்கொண்டே இருப்பதால் இன்ஜின் சூடாகவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கும். சின்ன பாகம், சின்ன வேலை. பெட்ரோல் வீணாவது மட்டும் பெரிசு.

டிராஃபிக்கில் நிற்கும்போது இன்ஜின் வருகிறது

இதற்குத்தான் அதிகம் போன் வரும். ஏசி கம்ப்ரசரும் அதே சட்டைப்பைச் சில்லறையில்தான் ஓடுகிறது. வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி ஏசியை அடியோடு குளிர வைத்தால், நின்ற இடத்திலேயே சார்ஜ் இறங்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இன்ஜின் வந்து ஏற்றிவிட்டு மறுபடி அணையும். இது முறையான வேலை, யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

இங்கேதான் ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொம்லூரில் ஒரு குடும்பத்துக்கு வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர். முப்பது வருஷ அனுபவம், பெரும்பாலும் லாரி. ஓசூர் ரோட்டு ஜாமில் பேட்டரி அடிமட்டத்துக்கு வந்து எச்சரிக்கை விழுந்துவிட்டது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றார். ஸ்கேன் செய்தேன், ஒன்றும் இல்லை. சரி, வாங்க ஒரு ரவுண்டு போகலாம் என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். முதல் சிக்னலில் வண்டி நின்றதும் அவர் கை தானாகப் போய் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளியது. அவருக்கே தெரியவில்லை. பச்சை விழுந்ததும் டி (டிரைவ்). அடுத்த சிக்னலில் மறுபடி நியூட்ரல்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"என்னப்பா, நிக்கும்போது நியூட்ரல் போடணும்ல?"

மேனுவல் கியர் வண்டிக்கு அது நல்ல பழக்கம். ஹைப்ரிட்டில் நியூட்ரல் போட்டால் மோட்டார்கள் இரண்டுக்கும் கரண்ட் தொடர்பு அறுந்துவிடும். சின்ன மோட்டார்தான் ஜெனரேட்டர். அதைக் கைகட்டி உட்கார வைத்தபின் இன்ஜின் எவ்வளவு ஓடினாலும் பேட்டரிக்கு ஒரு சொட்டு ஏறாது. ஏசி மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். சிக்னலில் டி-யிலேயே வைத்துப் பிரேக்கை மிதித்திருங்கள், அல்லது பிரேக் ஹோல்டு பட்டனைப் போடுங்கள். ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தால் பார்க்கிங்கில் போடுங்கள், அதில் சார்ஜ் ஏறும். அந்த அண்ணன் லீவரின் தலையில் கொஞ்ச நாள் ஒரு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தார், கை போனால் ஞாபகம் வரட்டும் என்று. அதற்குப்பின் அந்த எச்சரிக்கை வரவில்லை.

ஈவி பட்டனை அழுத்தினால் முடியாது என்கிறது

பேட்டரியில் மட்டும் ஓடு என்று சொல்லும் பட்டன் இது. மறுத்தால் காரணம்: சார்ஜ் குறைவு, வேகம் அதிகம், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை, பேட்டரி ரொம்பச் சூடு, ஆக்சிலரேட்டரில் கால் அழுத்தம். இதில் ஏதோ ஒன்று. அந்தப் பட்டன் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் சத்தமில்லாமல் வண்டியை எடுக்க மட்டும் உதவும். அதை அழுத்திக்கொண்டே ஓட்டினால் மைலேஜ் கூடும் என்பது கதை. இறக்கிய சார்ஜை மறுபடி பெட்ரோல் எரித்துத்தான் ஏற்ற வேண்டும்.

முன்பு போல் பேட்டரியில் ஓடுவதில்லை, பின்சீட்டுப் பக்கம் ஃபேன் சத்தம்

மேலே சொன்ன "பழக்கம் மாறியது" வகைக்கு அசல் உதாரணம் இதுதான். பெரிய பேட்டரி சூடானால் கம்ப்யூட்டர் அதற்கு வேலையைக் குறைத்து இன்ஜின் மேல் பாரத்தைப் போடும். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர வைப்பது காருக்குள் இருக்கும் ஏசிக் காற்றுதான். பின்சீட்டின் அடியிலோ பக்கத்திலோ கம்பி வலை போட்ட ஒரு துளை இருக்கும். பேட்டரி மூச்சு விடும் மூக்கு அது. உங்கள் வண்டியில் எங்கே என்று வண்டியோடு வந்த மேனுவல் புத்தகத்தில் பாருங்கள். பார்த்தபின் அதன்மேல் எதையும் வைக்காதீர்கள்.

ஒருவர் கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழக் கூடைகளைப் பின்சீட்டு நிறைய அடுக்கிக்கொண்டு வந்தார். அத்திப்பள்ளி டோல் தாண்டும்போதே ஃபேன் இரைச்சல், வண்டிக்கு இழுவை இல்லை. கூடையை இறக்கினதும் சரியாகிவிட்டது. ஆனால் இன்னொருவருக்குக் கதை அவ்வளவு சுலபமில்லை. வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார், பேட்டரியையே மாற்ற வேண்டும் என்று சில லட்சத்துக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறுக் குறியீடு (கோடு) எதுவும் பதிவாகவில்லை. ஸ்கேனரில் பேட்டரியின் வெப்பம் மட்டும் ஐம்பது டிகிரிக்கு மேல். வலையைக் கழற்றினோம். தூசி, தலைமுடி, பிஸ்கட் துகள், எப்போதோ காய்ந்துபோன மல்லிகைச் சரத்தின் வாழைநார் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு போர்வை. விரலால் உரித்தால் ஒரே தாளாக வந்தது. உள்ளே ஃபேன் இறக்கைகளிலும் அதே. பிரஷ், வேக்குவம், ஒரு மணி நேர வேலை. மறுநாள் ஓட்டிப் பார்த்ததில் வெப்பம் நாற்பதுக்குக் கீழே நின்றது.

வலையை நீங்களே கழற்றி உதறலாம். ஃபேனைத் தாண்டி உள்ளே கை வைக்காதீர்கள். ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் அதோடு நில்லுங்கள். அது ஆளைக் கொல்லும் வோல்டேஜ்.

இன்ஜின் வரும்போது வண்டி உதறுகிறது

லேசான சிலிர்ப்பு, குறிப்பாக மூன்று சிலிண்டர் இன்ஜினில், இருக்கத்தான் செய்யும். புதிதாக உதறல் வந்தால் நான் பார்க்கும் வரிசை: இன்ஜின் மவுண்ட், ஸ்பார்க் பிளக், திராட்டில் பாடியில் கரி. சாதாரண காரில் இன்ஜின் ஒரு பயணத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் ஆகும். இதில் ஒரே பயணத்தில் பல முறை. மவுண்ட் ரப்பர் படும் பாட்டை யோசியுங்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் தடதடவென்று அடித்து, அரை நிமிடத்தில் அடங்கி, அதோடு கூலன்ட் டப்பாவில் அளவும் குறைந்துகொண்டே வந்தால் தள்ளிப்போடாதீர்கள். இன்ஜினின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக ராத்திரியில் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மிதித்தால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

ஹெப்பால் மேம்பாலம் ஏறும்போது பலரும் சொல்வது. கியர் இல்லாத வண்டியில் இன்ஜின் சத்தமும் சக்கர வேகமும் சேர்ந்து ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. காதுக்குப் பழகாதது, அவ்வளவுதான். நிஜமாகவே வேகம் ஏறவில்லை என்றால் மேலே சொன்ன மூக்கை முதலில் பாருங்கள்.

இறக்கத்தில், கால் எடுத்தபின்னும், இன்ஜின் அலறுகிறது

சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில் கேட்டிருப்பீர்கள். கோவைக்குச் சத்தியமங்கலம் வழி போகிறவர்களுக்குத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் கேட்கும். இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்துப் பேட்டரியை நிரப்பும். அந்தச் சின்னப் பேட்டரி சீக்கிரமே நிரம்பிவிடும். நிரம்பியபின் வரும் கரண்டை எங்கே கொட்டுவது? சின்ன மோட்டார் இன்ஜினைப் பெட்ரோல் இல்லாமலே சுற்றி அதைச் செலவழிக்கும். அந்த அலறலில் பெட்ரோல் எரியவில்லை, வண்டி பிடித்துக்கொண்டிருக்கிறது. இறக்கம் தொடங்கும்போதே லீவரில் பி (B) நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள், சில வண்டிகளில் ஸ்டியரிங் பின்னால் பேடல் இருக்கும். பயந்துபோய் நியூட்ரலில் மட்டும் உருட்டாதீர்கள். தொப்பூரில் பிரேக் சூடேறிக் கவிழ்ந்த லாரிகளின் கதை தர்மபுரிக்காரனான எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேட்டில் ஏறும்போது பிரேக் ஒரு நொடி விட்டுப் பிடிக்கிறது

லேசாகப் பிரேக் மிதித்தபடி ஸ்பீட் பிரேக்கரிலோ பள்ளத்திலோ ஏறினால் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டுத் துள்ளும். மோட்டார் பிடித்திருந்த பிடியைக் கம்ப்யூட்டர் விட்டு, சாதாரண பிரேக்கிடம் ஒப்படைக்கும். அந்தக் கைமாற்றத்தில்தான் வண்டி வழுக்குவது போல் இருக்கும். மேட்டுக்கு முன்பே பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சமமான ரோட்டிலும் இப்படி வந்தால் டயர் தேய்மானம், ஷாக் அப்சார்பர் இரண்டையும் காட்டுங்கள்.

பட்டனை அழுத்தினால் ரெடி வரவில்லை

வண்டி ஓடத் தயார் என்று டேஷ்போர்டில் காட்டும் எழுத்துதான் ரெடி. பிரேக்கை நன்றாக மிதித்துத்தான் அழுத்தினீர்களா? மிதிக்காமல் அழுத்தினால் டேஷ்போர்டு எரியும், பாட்டுப் பாடும், வண்டி நகராது. இப்படி அரைகுறையாய் எழுப்பிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் தீர்ந்துபோவது 12 வோல்ட் பேட்டரி.

ஹைப்ரிட் என்றால் பெரிய பேட்டரிதான் எல்லாம் என்று நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியின் கதவைத் திறப்பது இந்த 12 வோல்ட்தான். சாவிக்காரன் தூங்கினால் கிட்டங்கி நிறைய நெல் இருந்து என்ன? பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தவர்கள் வண்டி வண்டியாய் இதோடு வருவார்கள். அறிகுறி: திரை மின்னுகிறது, டக் டக் என்று ரிலே சத்தம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு எச்சரிக்கை விளக்குகள். மல்டிமீட்டரில் 12-க்குக் கீழே காட்டினால் அதுதான் குற்றவாளி. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் காட்டும். மேனுவல் காட்டும் முனைகளில் இன்னொரு காரிலிருந்து ஜம்ப் கொடுத்து எழுப்பலாம். உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். உபகாரம் செய்யப் போய், பேட்டரி கரண்டை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கு உபத்திரவம் ஆகிவிடும். ஊருக்குப் போவதென்றால் வாரம் ஒருமுறை யாரையாவது அரைமணி நேரம் ரெடியில் ஓட்டச் சொல்லுங்கள்.

ஹைப்ரிட் சிஸ்டத்தைப் பார்க்கவும் என்று எச்சரிக்கை

இதற்கு மேல் உங்கள் கையில் வேலை குறைவு. ஸ்கேனரில் வரும் கோடுகளில் மூன்றைத் தெரிந்துவைத்தால் பேரம் பேசவாவது உதவும். பி0ஏ80 (P0A80) என்றால் பேட்டரி செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு, பேக்கைப் பார்க்கச் சொல்கிறது. டொயோட்டா இந்தியா ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுக்கிறது. வெளியே காட்டுமுன் தேதியைப் பாருங்கள். பி0ஏ93 (P0A93) என்றால் இன்வெர்ட்டரின் குளிர்விப்பு. அதற்கெனத் தனிக் கூலன்ட் டப்பா உண்டு, அதன் அளவும் சின்ன பம்பும் சரியா என்று பார்க்க வேண்டும். பானட்டைத் திறக்குமுன் வண்டியை அணைத்து, சாவியை அப்பால் எடுத்துப் போய்விடுங்கள். ரெடியில் இருக்கும் வண்டியில் சத்தமே இல்லாமல் இருந்து திடீரென்று இன்ஜின் சுற்றும், விரல் பத்திரம்.

மூன்றாவது பி0ஏஏ6 (P0AA6): ஹை வோல்டேஜ் எங்கோ பாடிக்குக் கசிகிறது. வேடிக்கை என்னவென்றால், இதற்கு ஏசி மெக்கானிக்கும் காரணமாகலாம். மின்சாரக் கம்ப்ரசருக்குக் கரண்ட் கடத்தாத தனி வகை எண்ணெய் ஊற்ற வேண்டும். சாதாரண கார்களுக்கான எண்ணெயை ஊற்றினால் அது வழியாகவே கரண்ட் கசியும். எங்கோ கேஸ் நிரப்பிவிட்டு ஒரு வாரத்தில் இந்தக் கோடோடு வந்த வண்டியை நாங்களே பார்த்திருக்கிறோம். கேஸ் நிரப்பச் சொல்லும்போதே "ஹைப்ரிட் வண்டி, ஆயில் எது போடுறீங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

பெட்ரோல் தீர்ந்து எச்சரிக்கை வந்தால் பேட்டரியிலேயே பங்க் வரை உருட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கேனில் வாங்கி வந்து ஊற்றுவதே மலிவு.

வெள்ளத்தில் நின்ற வண்டி, டோ பண்ண வேண்டிய வண்டி

2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு, பெல்லந்தூர் பக்கம் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சீட் வரை தண்ணீர் ஏறின ஹைப்ரிட் காரில் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வடிந்த பிறகும் அழுத்தாதீர்கள். சர்வீஸ் ஆள் வந்து பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டித்தபின்தான் மற்றது.

டோ வண்டிக்குப் போன் செய்யும்போது, காரை முழுக்க மேலே ஏற்றிக்கொள்ளும் ஃப்ளாட்பெட் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். முன்சக்கரம் தரையில் உருண்டால் அதோடு கோத்திருக்கும் மோட்டாரும் சுற்றும், சுற்றினால் கரண்ட் உற்பத்தியாகும், அணைத்துக் கிடக்கும் வண்டியில் அது போக இடமில்லை. வருகிறவர் கயிறும் கொக்கியுமாக வந்து, "சும்மா ரெண்டு கிலோமீட்டர்தானே சார், இழுத்துட்டுப் போயிடலாம்" என்பார். வேண்டாம் என்று சொல்லி, கிடக்கிற இடத்திலேயே ஓரமாய் நிறுத்தி வையுங்கள், ஃப்ளாட்பெட் வரட்டும்.